பலாப்பழத்துக்கு ஒரு ஜன்னல் சீட்

கதைக்குக் கரு எங்கே கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கரு கிடைப்பதா பெரிய விஷயம்? ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ் நடத்துகிறவளுக்குக் கருவுக்கு என்ன பஞ்சம்? கடையைத் திறந்தால் இட்லி வருவதற்குள் ஒரு சண்டை முடிந்திருக்கும், சாம்பார் வருவதற்குள் ஒரு சம்பந்தம் பேசியிருப்பார்கள். என் பாடு வேறு. மீந்துபோனதை என்ன செய்வது என்பதுதான் என் பாடு. அதை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன்.

முதலில் இட்லியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மெஸ்ஸில் காலையில் மீந்த இட்லி சாயந்திரம் உப்புமா ஆகிவிடும். ஆறின இட்லியை உதிர்த்து, கடுகும் கடலைப்பருப்பும் வெங்காயமும் தாளித்து, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவேன். ஆரம்பத்தில் வீட்டுக்கு மட்டும்தான் செய்தேன். ஒருநாள் தாளிக்கிற மணத்துக்கு ஒரு ஜீப் டிரைவர் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார். அன்றிலிருந்து அதற்கென்றே ஆள் வருகிறது. காலையிலேயே "ஏனுங்கக்கா, இன்னைக்கு இட்லி மீதியாகுமுங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களை ஏமாற்ற மனசு வராமல், மீதி வரவேண்டும் என்பதற்காகவே நான் தினமும் இரண்டு ஈடு அதிகமாக ஊற்றுகிறேன். "மீதிக்குக்கூட ஆர்டர் எடுக்கற ஒரே கடை நம்முளுதுதான்" என்று என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்.

சமைக்கிறவள் கடைசியில் சாப்பிடுவாள். எல்லோரும் தின்றது போக என் தட்டில் என்ன விழுகிறதோ அதுதான் அன்றைக்கு என் சாப்பாடு. அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. நினைக்க நேரமும் இல்லை.

கிடைக்கிற நேரமெல்லாம் எழுத்துக்குப் போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, சாயந்திர டீக்கு ஆள் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கடை வெறிச்சோடிக் கிடக்கும். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து காகிதத்தையெல்லாம் நமத்துப்போக வைக்கும் என்பதால் போனிலேயே எழுதப் பழகிக்கொண்டேன். சேலத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள் நான். வந்த புதிதில் குளிருக்குப் பயந்து அந்த அறைக்குள் ஒண்டினேன். பிறகு கதை வந்தது. பத்திரிகைகளில் சிறுகதைகள் வர ஆரம்பித்தன. நன்றாகவே இருந்தன என்று நானே சொல்லிக்கொள்கிறேன், அடக்கத்துக்கெல்லாம் இங்கே இடமில்லை.

சிறுகதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும், எழுதியதில் பாதியை வெட்டி எறிய வேண்டும். எனக்கு எறிய மனசு வராது. அதனால் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். தனியாகக் குரூப் ஆரம்பிக்க முடியாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரைச் சேர்த்து, அடுத்த நிமிஷமே அவரைத் தூக்கிவிட்டேன். நான் மட்டும் இருக்கிற அந்தக் குரூப்புக்கு 'மீதி' என்று பெயர் வைத்தேன். கதையிலிருந்து வெட்டியது, பாதியில் நின்றது, எதிலும் ஒட்டாதது எல்லாம் அதில் போய் விழும். என்ன ஏது என்று சொல்லாமல் தன்னைத் தூக்கிவிட்டதை என் வீட்டுக்காரர் சும்மா விடவில்லை. விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் "குரூப்புல சேத்துன சூடு ஆறலீங்க, அதுக்குள்ள வெளியே தள்ளீட்டா" என்று சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

அந்த மீதியில் ரொம்ப நாள் கிடந்தது பலாப்பழப் பெண். எப்போதோ அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மடியில் குழந்தையை வைத்திருப்பதைப் போல ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்தேன். பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவளை ஒரு கல்யாணக் கதையில் வைத்தேன், துருத்திக்கொண்டு நின்றாள். ஒரு மாமியார் கதையில் வைத்தேன், மாமியாரையே அமுக்கிவிட்டாள். எந்தக் கதையில் ஏற்றினாலும் நான் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் எனக்கு நாவல் ஆசை வந்தது. ஆசை வந்தால் போதுமா? நாவல் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மலைக்குக் காப்பி வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளைக்காரத் துரை, குதிரை, நாலு தலைமுறை, ஒரு சாபம். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முழுசாக எழுதி சேலத்தில் இருக்கும் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. மாற்றி எழுதி அனுப்பினேன். இரண்டாவது முறை அவரே போன் செய்தார். "எல்லாமே சரியாத்தானுங்க இருக்குது. ஆனா இதுல ஒருத்தருகூட மூச்சு விடலீங்களே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனை வைத்துவிட்டு, அன்றைக்கு அரைக்க வேண்டிய தேங்காயை அம்மியில் வைத்து நங்கு நங்கென்று அரைத்தேன். பக்கத்தில் மிக்ஸி இருந்தது. கோபத்துக்குக் காரணம், அவர் சொன்னது நிஜம். துரை வருகிறார், போகிறார், குதிரைகூடக் கனைக்கிறது. ஆனால் எதுவும் மூச்சு விடவில்லை.

அந்த வைகாசியில்தான் சேலத்திலிருந்து ஒருவர் செல்போன் கடை வைக்க இடம் தேடிக்கொண்டு வந்தார். என் அறை அவருக்குப் பிடித்துப்போயிற்று. பின்பக்கச் சுவரை உடைத்து ஷட்டர் போட்டால் ரோட்டைப் பார்த்த கடை. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். ரொம்பத் தயங்கித்தான் கேட்டார்.

"ஏம்புள்ள, நாவலு கீவலுன்னு நீ நொம்ப கஷ்டப்படறே. சின்னக் கதை போதாதா? அதை அடுப்படியில நின்னுகூட எழுதலாமில்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆடி முடியட்டுங்க. அதுக்குள்ள நான் ஒரு நாவல் முடிக்கலீன்னா ஷட்டரு போட்டுக்கங்க. நான் எழுதறதையே உட்டுடறேன்" என்றேன். ஆடியில் யாரும் புதுக் கடை திறக்கமாட்டார்கள் என்பதால் செல்போன்காரரும் ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் நாள் பார்த்திருந்தார். ஆக, ஆடி எனக்குக் கிடைத்த வாய்தா. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கையில் உருப்படியாக ஒரு வரிகூட இல்லை.

ஆனி வந்தது. மத்தியானத்தில் உட்கார்ந்து பெரிய நாவலைத் திறந்து, காப்பாற்ற ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். அப்படித் தேடும்போது ஒருநாள் அந்தப் பலாப்பழப் பெண் அங்கேயும் உட்கார்ந்திருந்தாள். நாலாவது தலைமுறைக்கும் சாபத்துக்கும் நடுவில், வேண்டாத விருந்தாளியைப் போல. என்றைக்கோ நான்தான் ஏற்றிவிட்டிருக்கிறேன். வெட்டி எடுத்து மீதியில் போட்டேன்.

மீதியில் போட்டதாக நினைத்தேன்.

என் போனில் மீதிக்கு நேர் மேலே இருப்பது 'மலை பஸ்' குரூப். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு வந்து, அப்படியே கொட்டச்சேடு பக்கம் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஆரம்பித்த குரூப் அது. பஸ் எங்கே வருகிறது என்று ஆளாளுக்கு அவருக்குப் போன் செய்து உயிரை எடுத்ததால், 'எல்லாம் இதுலயே பாத்துக்கங்க சாமிகளா' என்று ஆரம்பித்துவிட்டார். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், தோட்டக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லாம் அதில் உண்டு. பக்கத்து ஊரான செம்மநத்தத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'வண்டி கிளம்பீருச்சு', 'வண்டி பஞ்சர்', 'இன்னைக்கு வண்டி இல்லை'. இதைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது என்பது கண்டக்டரின் சட்டம். காலை வணக்கம் போட்ட ஒருவரை அவர் அன்றைக்கே நீக்கியிருக்கிறார். என் மெஸ்ஸுக்கு வாழையிலை அந்த பஸ்ஸில் வருவதால் நானும் அதில் இருந்தேன்.

அந்தக் குரூப்பில் நான் போட்டது இது:

'அடிவாரத்தில் பஸ் கிளம்பும்போது ஒருத்தி பலாப்பழத்தோடு ஏறினாள். பழத்தை ஜன்னல் சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்து, இரண்டு டிக்கெட் கேட்டாள். இன்னொன்று யாருக்கு என்றார் கண்டக்டர். இதுக்குத்தான் என்று பழத்தைத் தட்டினாள். போய்ச் சேரும் வரைக்கும் இதை யாரும் எழுந்திரிக்கச் சொல்லக்கூடாது என்றாள்.'

போட்டுவிட்டு நான் உப்புமா தாளிக்கப் போய்விட்டேன். வெளியே தூறல். அன்றைக்கு பஸ் வரும் நேரம் தாண்டியும் வரவில்லை, மலைப்பாதையில் டவர் கிடைக்காததால் கண்டக்டரிடமிருந்தும் சேதி இல்லை. எஸ்டேட்டிலிருந்து வீடு திரும்புகிற சனம் ஆங்காங்கே மரத்தடியிலும் கொட்டகையிலும் ஒதுங்கி நின்றிருக்கிறது. என் சேதியைப் பார்த்ததும் பஸ் அடிவாரத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று கணக்குப் போட்டு, எல்லோரும் ரோட்டுக்கு வந்து மழையில் நின்றிருக்கிறார்கள். பிறகு கண்டக்டருக்கு டவர் கிடைத்திருக்கிறது.

வெங்காயம் வதங்குவதற்குள் போன் துள்ளத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தால் கண்டக்டர் கொதித்துக்கொண்டிருந்தார். 'வண்டி பாதி மலையில நிக்குதுங்க. மரம் விழுந்து கிடக்குது. அடிவாரத்துல எந்த பஸ்ஸு, எந்தப் பலாப்பழமுங்க? பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இலவசம். பழத்துக்கு லக்கேஜ்தான் போடோணும். சீட்டுக் குடுத்த கண்டக்டரு யாருன்னு நம்பர் சொல்லுங்க.' யாரோ ஒரு கண்டக்டர் மேல் நான் புகார் எழுதியிருப்பதாக அவர் நினைத்துவிட்டார். அதற்குக் கீழே எனக்கு வாழையிலை அனுப்பும் கொட்டச்சேட்டுக்கார அக்காவின் குரல் வந்தது. அவர் எழுதமாட்டார், எதையும் குரலாகத்தான் அனுப்புவார்.

"ஏனுங்க மெஸ்ஸக்கா, பஸ்ஸு வருதுன்னு நம்பி நாங்க ரோட்டுல நனைஞ்சுக்கிட்டு நிக்கறமுங்க. எங்கீங்க பஸ்ஸு?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்புமா அடிப்பிடிக்கிற வாசம் வேறு. தப்பாக வந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், அது பஸ் சேதி இல்லை, கதை என்று எழுதினேன். நாலு பேர் திட்டினார்கள். திட்டட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இலைக்கார அக்காவின் இன்னொரு குரல் வந்திருந்தது.

"கதையாங்க? சரி போச்சாது போங்க. அந்தப் பழத்தை யாருக்குங்க கொண்டு போறா?"

நான் அப்படியே அடுப்பு முன்னால் நின்றேன். இத்தனை வருஷம் அவளைப் பொத்திப் பொத்தி வைத்தேன், எத்தனையோ கதையில் ஏற்றி இறக்கினேன். எங்கே போகிறாய் அம்மா என்று ஒருநாளாவது நான் அவளைக் கேட்டிருக்கிறேனா?

நான் பதில் சொல்வதற்குள் குரூப்பே கிளம்பிவிட்டது. 'மக ஊட்டுக்குத்தான்.' 'மக மாசமா இருந்தா பலாப்பழம் ஆகாதுங்க.' 'கோர்ட்டுக்கு, வக்கீலுக்கு.' 'மாப்பிளை கோவிச்சுட்டுப் போயிருப்பாரு, சமாதானம் பண்ணப் போறா.' மழையில் நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமல்லவா? "சும்மாதானே நின்னுட்டு இருக்கறோம், மிச்சத்தையும் சொல்லுங்க" என்றார் இலைக்கார அக்கா. கண்டக்டர் மட்டும் விடவில்லை. இது பஸ் குரூப், பஸ்ஸைப் பற்றித்தான் போட வேண்டும் என்றார். ஆனால் அவரும் விழுந்த மரத்துக்குப் பின்னால் சும்மாதானே உட்கார்ந்திருந்தார்? கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார்.

'கதையில பஸ்ஸு ஓடுதுங்களா? ஓடுச்சுன்னா போடுங்க. நின்னுடுச்சுன்னா நீக்கீருவேன்.'

அடுப்பை அணைத்துவிட்டு மீதியைத் திறந்தேன். பஸ்ஸில் ஏற்றக்கூடிய ஆள் யாராவது இருக்கிறாரா என்று பார்த்தேன். மலைக்கு மின்விசிறி கொண்டுபோகிற ஒரு மனிதர் கிடந்தார். ஏற்காட்டுக் குளிருக்கு எதற்கு மின்விசிறி என்று எனக்கே தெரியாததால் வெட்டி எறியப்பட்டவர். அவரைப் பலாப்பழத்துக்குப் பின் சீட்டில் உட்கார வைத்து, பஸ்ஸை முதல் வளைவில் திருப்பி, குரூப்பில் போட்டேன். பொழுது சாயும் முன் மரத்தை அறுத்து எடுத்தார்கள். எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு உப்புமா கருகியதற்காக ஒருவரும் காசு தரவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

மறுநாள் சாயந்திரம் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அப்படியும் கேட்டார்கள். மின்விசிறிக்காரர் எங்கே இறங்கப்போகிறார் என்று தெரிந்தாக வேண்டுமாம். அதிலிருந்து தினமும் சாயந்திரம் ஒரு துண்டு. பழைய மீதி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெண் பார்க்கப் போய்விட்டு, பிரிக்காத இனிப்புப் பெட்டியோடு வாய் பேசாமல் திரும்புகிற ஒரு குடும்பம். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, மூன்று வருஷத்துக் கோபத்தைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொட்டுகிற ஒரு டீச்சர். தனித்தனியாக இருந்தபோது இவர்கள் யாரும் எதற்கும் உதவவில்லை. ஒரே பஸ்ஸில் ஏற்றியதும் ஒருவருக்கொருவர் இடம் விட்டார்கள், முறைத்துக்கொண்டார்கள், மூச்சு விட்டார்கள்.

கண்டக்டரின் சட்டம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போதும் சொல்வேன். பஸ் நிற்கக்கூடாது. பின்னால் போய்த் தாத்தா காலத்தைச் சொல்ல வழியில்லை, துரை குதிரையில் வர இடமில்லை. அடிவாரத்திலிருந்து மேலே, இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தாக வேண்டும். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை என்னுடையது.

படிக்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. மின்விசிறி எதற்கு என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. "புருசன் பொண்டாட்டி சண்டை போட்டா வெளிய கேக்காம இருக்கத்தானுங்க, காத்தாடி ஓடுனா சத்தம் அமுங்கீரும்" என்று செம்மநத்தத்துக்காரர் ஒருவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். டீச்சரின் கோபம் நியாயமா இல்லையா என்று இரண்டு கட்சி ஆயிற்று. என் வீட்டுக்காரர் ஒருநாள் மாவுக் குண்டானைத் தூக்கி வைத்துக்கொண்டே, யாரோ கேட்கச் சொன்ன மாதிரி, "அந்த இனிப்புப் பெட்டியை அவங்க பிரிப்பாங்களா மாட்டாங்களா?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவரும் மலை பஸ் குரூப்பில்தான் இருக்கிறார். மீதியிலிருந்து நான் தூக்கிவிட்ட ஆள், முதல் நாளிலிருந்தே பஸ்ஸின் பின்படியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளன்!

ஆடி பிறந்து பாதியும் போயிற்று. பஸ் பதினெட்டாவது வளைவைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் ஒரு முடிவு கிடைத்துவிட்டது, பலாப்பழப் பெண்ணைத் தவிர. பழம் யாருக்கு? நானும் என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். மகளுக்கு என்று எழுதினேன், சினிமா மாதிரி இருந்தது. பகையாளிக்கு என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. நாலு நாள் ஒன்றும் போடவில்லை. குரூப்பில் கேட்டுக் கேட்டுச் சலித்து, பழையபடி 'வண்டி கிளம்பீருச்சு' மட்டும் வர ஆரம்பித்தது. செல்போன்காரர் வந்து டேப் வைத்து என் அறையை அளந்துவிட்டுப் போனார். என் மேஜையை அவர் காலால் நகர்த்தியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு பழத்தால் என் எழுத்து முடியப்போகிறதே என்று இருந்தது.

அந்த வாரத்தில் இலைக்கட்டோடு சேர்த்து அந்த அக்கா ஒரு பலாப்பழமும் அனுப்பியிருந்தார். சீசன் கடைசிப் பழம். மத்தியானம் சாப்பிட வந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தேன். பலாப்பழம் அறுக்கிறவள் கையை எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். சுளை எடுக்க எடுக்க ஒவ்வொரு கையாக நீளும். கொடுத்தேன். இன்னும் கை நீண்டது, இன்னும் கொடுத்தேன். கடைசியில் தண்டும் நார்ச் சடையும் கிழிந்த ரெண்டு சுளைத் துண்டும் என் தட்டில் மிஞ்சின. ஒரு துண்டை வாயில் போட்டேன்.

திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பழம் அறுத்திருப்பேன்! கத்தி வைத்த உடனே வருகிற முதல் சுளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. அந்த நிமிஷமே அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தட்டோடு அறைக்கு ஓடினேன். கையெல்லாம் பலாப்பால். போன் என் விரலை அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்றது. "ஏனுங்க, ஓடியாங்க!" என்று கத்தினேன். தீப்பிடித்துவிட்டதோ என்று என் வீட்டுக்காரர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "நான் சொல்றேன், நீங்க அடிங்க" என்றேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நான் சொல்லச் சொல்ல, இருபதாவது வளைவில் பஸ் திரும்பும்போது அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். யாருக்கும் கொண்டுபோகவில்லை என்றாள். பிறந்ததிலிருந்து பழம் அறுத்துக் கொடுத்தே வந்தவள், இதை ஒருத்தியாக உட்கார்ந்து தின்னத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன் என்றாள். பஸ்ஸே வாசத்தில் மயங்கித் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. முதல் சுளையை அவளே தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, கொட்டையைத் துப்பும் வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் தின்றாள். அதற்கப்புறம்தான் மின்விசிறிக்காரரைப் பார்த்து, "உங்களுக்கும் வேணுமுங்களா?" என்றாள்.

என் வீட்டுக்காரரின் விரல் நின்றுவிட்டது. தட்டில் கிடந்த சடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமில்ல?"

"எனக்கே இப்பத்தானுங்க தெரியும்" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் முடியாது, கையெல்லாம் பால்.

அன்று சாயந்திரம் அதைக் குரூப்பில் போட்டோம். முதலில் வந்தது இலைக்கார அக்காவின் குரல், ஒரே ஒரு வரி. "அடுத்த பழத்துக்கு நானும் அப்புடித்தானுங்க பண்ணப் போறேன்." அதற்கப்புறம் பெண்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். கண்டக்டர் ஒருவரையும் நீக்கவில்லை. 'வண்டி ஏற்காடு வந்து சேந்துருச்சு' என்று மட்டும் போட்டார்.

மறுநாள் காலையில் செல்போன்காரர் அட்வான்ஸோடு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். பதிப்பாளருக்கு நான் இன்னும் எதையும் அனுப்பக்கூட இல்லை. கல்லாவில் என் வீட்டுக்காரர் சொல்வது கேட்டது: "இல்லீங்க, அந்த ரூமு காலி இல்லீங்க. அங்க ஆளு இருக்குது."

எல்லாவற்றையும் கோத்து, ஒழுங்கு பண்ணி, ஆவணியில் பதிப்பாளருக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "எடுத்துக்கறேனுங்க" என்றார். அம்மியைத் தேடவில்லை நான், குதித்தேன். சமையல்கட்டில் குதிக்க இடமில்லாமல் சட்டுவத்தைத் தட்டி விட்டேன். அவர் தொடர்ந்து பேசினார். அந்த மின்விசிறிக்காரரை மட்டும் எடுத்துவிடலாமா என்றார். "அவரு எறங்குனா நானும் எறங்கீருவேனுங்க" என்றேன். கடைசியில் இனிப்புப் பெட்டிக் குடும்பத்தை எடுக்க ஒத்துக்கொண்டேன். அவர்கள் திரும்பவும் மீதிக்குப் போனார்கள். அங்கே பத்திரமாக இருக்கிறார்கள். இனி அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அடுத்த பலாப்பழ சீசனில் புத்தகம் வந்தது. வெளியீட்டுக்கு மண்டபமெல்லாம் வேண்டாம், என் மெஸ்ஸில்தான் என்று அடம் பிடித்தேன். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு பெஞ்சுகளை ஓரம் தள்ளினோம். பதிப்பாளர் புத்தகக் கட்டோடு வந்தார். சொல்லி வைத்தாற்போல் பஸ் வந்து நின்றது. மலை பஸ் குரூப்பே இறங்கியது. போனில் மட்டுமே தெரிந்தவர்களை முகத்தோடு பார்த்தேன். முன்னால் இலைக்கார அக்கா, இடுப்பில் ஒரு பெரிய பலாப்பழம். பின்னால் கண்டக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"லக்கேஜு டிக்கெட்டு போடறேன், சீட்டெல்லாம் குடுக்க முடியாதுன்னு சொன்னனுங்க. யாரு கேட்டா? பொம்பளைங்கல்லாம் நின்னுக்கிட்டு வந்தாங்க, பழம் ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு வந்துது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்த லக்கேஜ் டிக்கெட்டை இலைக்கார அக்கா என் கையில் கொடுத்தார்.

பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தகத்தைக் கையில் வாங்கினேன், கனமாக இருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெருமை என் வாழ்நாளில் பட்டதில்லை, அதை எதற்கு மறைக்க வேண்டும்? பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அறுக்கத் தெரியாது. கோணல்மாணலாக வெட்டினார். வாசம் கடையை நிறைத்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள், பதிப்பாளர் பக்கத்திலேயே நின்று கையை நீட்டினார்.

"பொறுங்க சாமி" என்று அந்தக் கையை இலைக்கார அக்கா கீழே இறக்கினார்.

என் வீட்டுக்காரர் முதல் சுளையை எடுத்து என்னிடம் நீட்டினார். கொஞ்சம் நசுங்கியிருந்தது. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல், முழுசாகத் தின்றேன்.

அதற்கப்புறம்தான் கை நீட்டினார்கள். கொட்டைகளை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி எடுத்து வைத்தேன், மறுநாள் சாம்பாருக்கு ஆயிற்று.